சத்து அட்டவணையில் கூட்டல் சரி, உடம்பில் ஏன் சேரவில்லை?

#1 அகப்பை

சைவ உணவு, பால் உண்டு, முட்டை கிடையாது. இப்படி ஒரு நாள் திட்டம் போட்டுக் கூட்டினால் இரும்பு 18 மி.கி., துத்தநாகம் 9 மி.கி., கால்சியம் 1000 மி.கி. என்று மூன்றும் இலக்கைத் தொடுகின்றன. செயலியில் எல்லாக் கட்டமும் பச்சை.

இதைப் பல மாதம் ஒழுங்காகப் பின்பற்றுகிற ஒரு பெண்ணுக்கு, உடம்பின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் ரத்தப் பரிசோதனை லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் என்று குறைவாக வர வாய்ப்புண்டா? வருமென்றால் கணக்கில் எங்கே ஓட்டை? எந்தச் சத்துக்கு அட்டவணையை நம்பலாம், எதற்கு நம்பக் கூடாது? "எல்லாவற்றையும் அளவோடு சாப்பிடுங்கள்" என்ற பதில் வேண்டாம், எண்ணோடு சொல்லுங்கள்.

#2 சிறுகுடல்

தாராளமாக வரும். ஓட்டை கூட்டலில் இல்லை, இலக்கில் இருக்கிறது.

மாதவிடாய் உள்ள பெண்களுக்கு 18 மி.கி. என்பது அமெரிக்கப் பரிந்துரை. சாப்பிடும் இரும்பில் 18 சதவீதம் உள்ளே போகும் என்று வைத்துக்கொண்டு போட்ட எண் அது. இறைச்சியும் மீனும் கலந்த உணவுக்கு அது பொருந்தும். சைவ உணவுக்கு 1.8 மடங்கு வேண்டும் என்று அந்தப் பரிந்துரையிலேயே தனியாகச் சொல்லியிருக்கிறார்கள். 18 × 1.8 போட்டால் ஏறத்தாழ 32 மி.கி. பச்சைக் கட்டம் காட்டும் செயலிகள் பலவும் இந்த வரியைக் கண்டுகொள்வதே இல்லை.

இன்னொரு பக்கத்திலிருந்து பாருங்கள். உடம்பில் மொத்தம் 3 முதல் 4 கிராம் இரும்பு. ஆயுள் முடிந்த சிவப்பணுக்களை உடைத்து ஒரு நாளைக்கு 20 முதல் 25 மி.கி. வரை திரும்ப எடுத்துக்கொள்கிறது. வெளியே போவது தோல், குடல் உதிர்வு வழியாக சுமார் 1 மி.கி. மட்டும். மாதவிடாய் உள்ளவர்களுக்குச் சராசரியில் இன்னும் அரை மி.கி. போல சேரும், உதிரப்போக்கு அதிகமானால் அதற்கும் மேல். ஆக ஒரு நாளைக்கு 1.5 மி.கி. குடல் சுவரைத் தாண்டியாக வேண்டும். 18 மி.கி.யில் 10 சதவீதம் போனால் 1.8, பிழைத்தோம். 5 சதவீதம் போனால் 0.9. ஒவ்வொரு நாளும் 0.6 மி.கி. கடன். இருப்பு தீர்ந்த பிறகுதான் ஹீமோகுளோபின் இறங்கும், அதனால்தான் ஃபெரிட்டின் முதலில் காட்டிக்கொடுக்கிறது.

5 சதவீதமா 10 சதவீதமா என்பதை அந்தந்த வேளையின் தட்டு தீர்மானிக்கிறது. இறைச்சி, ஈரல், மீனில் இருக்கும் ஹீம் இரும்பு தனி வழியில் போகிறது, 15 முதல் 35 சதவீதம் வரை சேரும். கூட என்ன சாப்பிட்டாலும் பெரிதாக அசையாது. பருப்பு, தானியம், கீரையில் இருப்பது ஹீம் அல்லாத இரும்பு, பெரும்பாலும் ஃபெரிக் நிலையில். அது ஃபெரஸ் ஆக மாறினால்தான் குடல் செல்லின் வாசல் திறக்கும். வைட்டமின் சி அந்த மாற்றத்தைச் செய்கிறது, சிறுகுடலில் இரும்பு மறுபடி படியாமல் பிடித்தும் வைக்கிறது. ஆனால் அதே வேளையில் இருக்க வேண்டும். காலையில் ஆரஞ்சு, மதியம் பருப்பு என்றால் ஒன்றும் நடக்காது. 50 மி.கி. வைட்டமின் சி ஒரு வேளைக்குப் போதும். அரை குடைமிளகாய் பச்சையாகவோ, பாதிக் கொய்யாவோ அதைத் தந்துவிடும். எலுமிச்சம்பழச் சாறு 100 மி.லி.க்கு 40 மி.கி. போலத்தான், அதனால் நாலு சொட்டு பிழிவது ருசிக்கு மட்டுமே.

எதிர்த் திசையில் டீ, காபி. அவற்றின் பாலிஃபீனால்கள் இரும்பைக் கட்டிவிடும். சாப்பாட்டோடு குடிக்கும் ஒரு கோப்பை டீ, ஹீம் அல்லாத இரும்பின் உறிஞ்சுதலைப் பாதிக்கும் கீழே இறக்கிவிடலாம். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தால் பாதிப்பு கணிசமாகக் குறைகிறது. டீயை விடச் சொல்லவில்லை, நேரத்தை நகர்த்தச் சொல்கிறேன்.

#3 கீரைக்கட்டு

இவ்வளவு சுற்ற வேண்டுமா? தினம் ஒரு கட்டு பசலைக்கீரை சேர்த்தால் இரும்பும் கால்சியமும் ஒரே அடியில் முடிந்தது. கீரையை விட எது இருக்கிறது?

#4 சுண்ணக்கட்டி

கீரைக்கட்டு, பெயருக்கேற்ற வாதம், ஆனால் பசலையை வைத்துக் கால்சியம் கணக்கு போடுவது அட்டவணை செய்யும் மிகப் பெரிய ஏமாற்று.

வேகவைத்த பசலை 100 கிராமில் ஏறத்தாழ 136 மி.கி. கால்சியம். பார்க்கப் பிரமாதம். அதில் உடம்பு எடுத்துக்கொள்வது சுமார் 5 சதவீதம், அதாவது 7 மி.கி. மீதி பசலையிலேயே உள்ள ஆக்சலேட்டோடு கரையாத உப்பாக இறுகி அப்படியே வெளியேறும். 250 மி.லி. பாலில் 300 மி.கி., அதில் சுமார் 32 சதவீதம் சேரும், அதாவது 96 மி.கி. ஒரு கோப்பைப் பாலுக்கு ஈடுகட்ட ஒரு கிலோவுக்கு மேல் பசலை வேண்டும். சாப்பிட முடிந்தாலும் அந்த ஆக்சலேட் சிறுநீரகக் கல்லுக்கு அழைப்பு.

எல்லாக் கீரையும் இப்படி இல்லை. முட்டைக்கோஸ் குடும்பத்தில் ஆக்சலேட் மிகக் குறைவு. ப்ரக்கோலி, கேல், சீன முட்டைக்கோஸ் இவற்றின் கால்சியம் பாதி வரை சேரும், சதவீதத்தில் பாலையே முந்தும். அளவு குறைவாக இருப்பதால் நிறையச் சாப்பிட வேண்டும், அவ்வளவுதான். கால்சியம் உப்பால் உறையவைத்த டோஃபு கிட்டத்தட்ட பாலின் அளவுக்கு வரும். வேறொரு உறைப்பானால் செய்த டோஃபுவில் அந்தக் கால்சியம் இருக்காது, உறையின் மேல் மூலப்பொருளைப் பாருங்கள்.

பசலையின் இரும்பு விஷயம்: பச்சையாக 100 கிராமில் 2.7 மி.கி. மோசமில்லை, ஆனால் கட்டுண்ட இரும்பு. தசமப் புள்ளி இடம் மாறியதால்தான் பசலைக்கு இரும்புப் புகழ் வந்தது என்று ஒரு கதை சுற்றுகிறதே, அதற்கே ஆதாரம் கிடையாது. தவறைத் திருத்தும் கதையும் தவறாக இருப்பது இந்தத் துறையில் வழக்கம்தான்.

#5 கீரைக்கட்டு

சரி, கால்சியத்துக்குக் கீரையை விட்டுத்தருகிறேன். ஃபோலேட், வைட்டமின் கே, கரோட்டின், பொட்டாசியம்? அதற்கெல்லாம் பசலை வேண்டுமா வேண்டாமா?

#6 சுண்ணக்கட்டி

வேண்டும், தாராளமாக. நான் எதிர்த்தது அந்த ஒரு கட்டத்தை மட்டும். நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்தால் கரையும் ஆக்சலேட்டின் நல்ல பங்கு தண்ணீரோடு போகும். ஆனால் ஃபோலேட்டும் கூடவே போகும். கல் பிரச்சினை உள்ளவர் வடிக்கட்டும், மற்றவர் ஆவியில் வேகவைக்கட்டும்.

வார்ஃபரின் (ரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரை) சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு சொல்: கீரையை நிறுத்த வேண்டியதில்லை. வாரத்துக்கு வாரம் அளவு ஏறி இறங்கக் கூடாது. மாத்திரை அளவு, இப்போது நீங்கள் சாப்பிடும் வைட்டமின் கே அளவுக்கு ஏற்றபடி அமைத்தது. திடீரென்று நிறுத்தினாலும் ஆபத்து, திடீரென்று கூட்டினாலும் ஆபத்து.

#7 அகப்பை

இரும்பு இலக்கு தவறு என்பது புரிந்தது. துத்தநாகத்துக்கும் இதே கதையா? தானியம், பருப்பில் இருந்துகொண்டு தாதுக்களைக் கட்டிப்போடும் ஃபைட்டேட், ஊறவைத்தால் போய்விடும் என்கிறார்களே, எவ்வளவு போகும்?

#8 முளைவிட்டபயறு

துத்தநாகத்தில்தான் ஃபைட்டேட் கணக்கை நேராகப் போட முடியும். ஃபைட்டேட் மி.கி.யை 660 ஆல் வகுங்கள். துத்தநாகம் மி.கி.யை 65.4 ஆல் வகுங்கள். முதல் விடையை இரண்டாவதால் வகுத்தால் வருவது மூலக்கூறு விகிதம். 15க்கு மேல் போனால் உறிஞ்சுதல் மோசம் என்பது பொதுவான எல்லைக்கோடு.

உங்கள் திட்டத்தில் 9 மி.கி. துத்தநாகம். முழுத்தானியமும் பருப்பும் நிறைந்த உணவில் ஃபைட்டேட் 1500 மி.கி. வருவது சாதாரணம். 1500 ÷ 660 = 2.27. 9 ÷ 65.4 = 0.138. விகிதம் 16.5. கோட்டைத் தாண்டிவிட்டது. ஃபைட்டேட்டை 1200க்கு இறக்கினால் 13. எல்லாவற்றையும் நீக்கத் தேவையில்லை, ஐந்தில் ஒரு பங்கு போனாலே பக்கம் மாறுகிறது.

ஊறவைப்பதைப் பற்றி: குளிர்ந்த தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைப்பது பலர் நினைக்கும் அளவுக்கு வேலை செய்யாது. ஃபைட்டேட்டை உடைப்பது ஃபைட்டேஸ் என்ற நொதி. அதற்கு வெதுவெதுப்பும் கொஞ்சம் புளிப்பும் வேண்டும். 45 முதல் 55 டிகிரி செல்சியஸ் அதற்குப் பிடித்த சூடு. விதையிலேயே அந்த நொதி இருக்கிறதா என்பதும் முக்கியம். கோதுமை, ரை என்ற தானியம் இரண்டிலும் நிறைய. ஓட்ஸில் மிகக் குறைவு, கடையில் வரும் ஓட்ஸ் ஏற்கெனவே நீராவியில் சூடேறியது, இருந்த கொஞ்சமும் செத்திருக்கும். ஓட்ஸை ஊறவைக்கும்போது ஒரு கரண்டி முழுக்கோதுமை மாவு அல்லது ரை மாவு கலந்தால் அதன் நொதி ஓட்ஸுக்கும் வேலை செய்யும்.

பருப்பு, பயறு வகைக்குச் செய்முறை இவ்வளவுதான். வெதுவெதுப்பான தண்ணீரில் 12 மணி நேரம் ஊறவையுங்கள், அந்தத் தண்ணீரைக் கொட்டுங்கள், புதுத் தண்ணீரில் வேகவையுங்கள். இன்னும் வேண்டுமானால் ஒன்றிரண்டு நாள் முளைகட்டுங்கள், விதை தன் வளர்ச்சிக்காகத் தானே ஃபைட்டேட்டை உடைக்கும். உடைத்துத் தோல் நீக்கிய பருப்பு முளைக்காது, காத்திருந்தால் கெட்டுத்தான் போகும்.

எல்லாவற்றையும் விட வலுவானது புளிக்கவைத்தல். நீண்ட நேரம் புளித்த முழுக்கோதுமை மாவில் ஃபைட்டேட்டின் பெரும்பகுதி போய்விடும். பிசைந்து உடனே சுட்ட ரொட்டியில் அப்படியே இருக்கும். ஒரே மாவு, ஒரே அட்டவணை எண், சேரும் துத்தநாகம் வேறு.

#9 நெறியாளர்

பயறும் கீரையும் போதும், பி12க்கு வாருங்கள். கேள்வி "எதற்கு அட்டவணையை நம்பக் கூடாது" என்பது.

#10 சிறுகுடல்

பி12 எழுத ஆரம்பித்தால் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எந்தச் செடியும் விலங்கும் பி12 செய்வதில்லை. பாக்டீரியாவும் ஆர்க்கியாவும் மட்டுமே செய்கின்றன. இறைச்சி, ஈரல், மீன், சிப்பி, முட்டை, பாலில் இருப்பது அங்கே சேர்ந்தது. பெரியவர்களுக்குத் தேவை ஒரு நாளைக்கு 2.4 மைக்ரோகிராம், இதில் பாதிதான் சேரும் என்ற அனுமானம் உள்ளே இருக்கிறது.

உறிஞ்சும் பாதை நீளம். வயிற்று அமிலமும் பெப்சினும் உணவுப் புரதத்திலிருந்து பி12ஐப் பிரிக்க வேண்டும். வயிற்றுச் சுவர் சுரக்கும் உள்காரணி என்ற புரதம் அதைப் பிடிக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து சிறுகுடலின் கடைசிப் பகுதிக்குப் போனால்தான் அங்குள்ள ஏற்பிகள் உள்ளே விடும். எந்தக் கட்டம் அறுந்தாலும் தட்டில் எவ்வளவு இருந்தும் பயனில்லை. வயதானால் அமிலம் குறைகிறது. அமிலத்தைத் தடுக்கும் மாத்திரைகளை வருடக்கணக்கில் எடுத்தாலும் அப்படியே. சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் மாத்திரை கடைசிப் பகுதியில் இடைஞ்சல் செய்கிறது. உள்காரணி சுரக்கும் செல்களைத் தன் நோயெதிர்ப்பு மண்டலமே அழிக்கும் நோயும் உண்டு. மாத்திரையில் இருக்கும் பி12 புரதத்தில் ஒட்டியிருப்பதில்லை, அதற்கு அமிலம் தேவையில்லை. அமிலக் குறைவு உள்ளவர்களுக்கு மாத்திரை வேலை செய்வது இதனால்.

அட்டவணை சொல்லாத இன்னொன்று: அந்த ஏற்பிகள் ஒரு வேளைக்கு 1.5 மைக்ரோகிராம் போல எடுத்ததும் நிரம்பிவிடும். அதற்கு மேல் போவது சும்மா கசிந்து போகும் சுமார் 1 சதவீதம். 1000 மைக்ரோகிராம் மாத்திரையிலிருந்து 10 சொச்சம்தான் உள்ளே போகிறது. ஆகவே ஒரே மாத்திரையைத் தினம் போடுவதா, செறிவூட்டிய உணவை நாளுக்கு மூன்று வேளை 1 மைக்ரோகிராம் வீதம் எடுப்பதா என்றால் இரண்டாலும் ஒப்பேறும். மூன்று வேளைக்கு உரியதை ஒரே வேளையில் கொட்டினால் சேரும் பங்கு குறையும்.

அந்த 1 சதவீதக் கசிவுக்கு ஒரு வரலாறு உண்டு. உள்காரணி இல்லாத ரத்தசோகை 1920கள் வரை ஆளைக் கொல்லும் நோய். ஜார்ஜ் மைனாட்டும் வில்லியம் மர்ஃபியும் 1926இல் நோயாளிகளுக்குத் தினம் நிறைய ஈரல் கொடுத்துத் தேற்றினார்கள். ஈரலில் பி12 அவ்வளவு செறிவு, கசிந்து போனதே உயிரைப் பிடித்து வைக்கப் போதுமாக இருந்தது. 1934 நோபல் பரிசு அவர்களுக்கும் ஜார்ஜ் விப்பிளுக்கும்.

#11 கீரைக்கட்டு

ஸ்பைருலினாவில் பி12 இருப்பதாக அட்டவணையிலேயே போட்டிருக்கிறதே?

#12 சிறுகுடல்

அதில் பெரும்பகுதி போலி பி12. வேதி வடிவம் ஒத்திருப்பதால் பழைய சோதனை முறைகளில் பி12 என்றே எண்ணப்படும், மனித உடம்பில் வேலை செய்யாது. தாவர உணவுக்காரர் அதை நம்பி மாத்திரையை விடக் கூடாது.

உடம்பில், முக்கியமாகக் கல்லீரலில், 2 முதல் 5 மி.கி. வரை இருப்பு இருக்கிறது, அதனால் பி12 உணவை நிறுத்திய பிறகும் பல வருடம் ஒன்றும் தெரியாது. "நிறுத்தி ஐந்து வருடமாச்சு, நன்றாகத்தான் இருக்கிறது" என்பது ஆதாரம் ஆகாது, சேமிப்பு கரைவதைக் கண்ணால் பார்க்க முடியாது. இருப்பே இல்லாமல் பிறந்து, பி12 இல்லாத தாயின் பாலை மட்டும் குடிக்கும் குழந்தைக்கோ சில மாதங்களிலேயே நரம்பு பாதிக்கும்.

#13 நுண்ணளவு

சிறுகுடல் சொன்னதோடு ஃபோலேட்டைச் சேர்த்தே பேச வேண்டும், இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள்.

டிஎன்ஏ கட்டும் வேலையில் ஃபோலேட்டும் பி12உம் ஒரே இடத்தில் சந்திக்கின்றன. எது குறைந்தாலும் எலும்பு மஜ்ஜையில் சிவப்பணு பெரிதாக வீங்கி, எண்ணிக்கை குறையும். இப்போது பி12 குறைவு உள்ளவருக்கு ஃபோலிக் அமில மாத்திரையை மட்டும் கொடுத்தால் ரத்தசோகை சரியாகிவிடும். அறிக்கை அழகாக வரும். நரம்பில் நடக்கும் சேதம் மட்டும் நிற்காது. பாதத்தில் மரமரப்பு, கண்ணை மூடினால் தள்ளாட்டம், நினைவுத் தடுமாற்றம் என்று போய்க்கொண்டே இருக்கும், தாமதமானால் திரும்பாது. மாத்திரை வழி ஃபோலிக் அமிலத்துக்கு ஒரு நாள் உச்சவரம்பு 1000 மைக்ரோகிராம் என்று வைத்ததற்குக் காரணம் இந்த மறைப்புதான்.

ரத்தத்தில் பி12 எண் எல்லையோரமாக இருந்தால் அதோடு நிறுத்தாதீர்கள். மெத்தில்மலோனிக் அமிலம் பாருங்கள், அது ஏறியிருந்தால் செல்லுக்குள் பி12 பற்றவில்லை என்று அர்த்தம். சிறுநீரகம் பழுதானாலும் அது ஏறும், அதையும் கணக்கில் வையுங்கள்.

ஃபோலேட்டின் இலக்கு 400 மைக்ரோகிராம். உணவில் இருப்பதும் மாத்திரையில் இருப்பதும் சமமில்லை. மாத்திரையின் 0.6 மைக்ரோகிராம், உணவின் 1 மைக்ரோகிராமுக்குச் சமம். கருத்தரிக்கத் திட்டமிடுகிறவருக்கு 400 மைக்ரோகிராம் மாத்திரையைக் கருத்தரிக்கும் முன்பே தொடங்கச் சொல்வது வீண் முன்னெச்சரிக்கை இல்லை. கருவின் நரம்புக்குழாய் கருத்தரித்து 28 நாளுக்குள் மூடிவிடும், பலருக்கு அப்போது கர்ப்பம் என்றே தெரிந்திருக்காது.

#14 அகப்பை

இது அட்டவணைக்கு வெளியே போனாலும் சேமித்துவைத்தேன். வைட்டமின் ஏ? செயலியில் இரண்டு விதமான அலகு வருகிறது.

#15 நுண்ணளவு

பழைய சர்வதேச அலகை ஒதுக்குங்கள், ரெட்டினால் செயல்திறன் சமானம் என்று இருப்பதை எடுங்கள். உணவில் உள்ள பீட்டா கரோட்டின் 12 மைக்ரோகிராம், ரெட்டினால் 1 மைக்ரோகிராமுக்குச் சமம். இலக்கு ஆண்களுக்கு 900, பெண்களுக்கு 700. கேரட் 100 கிராமே கிட்டத்தட்ட 800ஐத் தாண்டும். அது வாய்க்குள் போன அளவு. பச்சைக் கேரட்டைக் கடித்துத் தின்றால் செல் சுவர் உடையாமல் பாதிக்கு மேல் வெளியே போய்விடும். வேகவைத்து மசித்து, அந்த வேளையில் 3 முதல் 5 கிராம் கொழுப்பாவது இருந்தால் நன்றாகச் சேரும். ஒரு தேக்கரண்டி எண்ணெய். கொழுப்பே இல்லாத சாலட்டில் கரோட்டின் வெறும் நிறம்தான்.

நச்சாவது ரெட்டினால் பக்கம் மட்டும். அதன் உச்சவரம்பு 3000 மைக்ரோகிராம், மாட்டு ஈரல் 100 கிராம் அதைத் தாண்டும். கர்ப்பத்தின்போது ஈரல் வேண்டாம் என்பது இதனால். கரோட்டின் அதிகமானால் உள்ளங்கை மஞ்சளாகும், கண்வெள்ளை வெள்ளையாகவே இருக்கும். மஞ்சள்காமாலையிலிருந்து பிரிக்க அந்த அடையாளம் போதும். கரோட்டின் உணவில் பாதுகாப்பு, மாத்திரையில் அப்படி இல்லை: புகைபிடிப்பவர்களுக்குத் தினம் 20, 30 மி.கி. கொடுத்துப் பார்த்த 1990களின் பெரிய ஆய்வுகளில் நுரையீரல் புற்றுநோய் கூடியது.

#16 கண்ணாடிச்சன்னல்

டி பற்றி இரண்டே வரி. உணவை வைத்து இலக்கைத் தொடுவது கடினம்: தேவை 15 மைக்ரோகிராம் (600 அலகு), கொழுப்புள்ள கடல்மீனும் செறிவூட்டிய பாலும் புற ஊதா ஒளி காட்டிய காளானும் தவிர எதிலும் சொல்லும்படி இல்லை. தோல் செய்துகொள்ளும், ஆனால் அதற்கு வேண்டிய பகுதிப் புற ஊதாக் கதிரைச் சன்னல் கண்ணாடி தடுத்துவிடும், கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து வெயில் காய்வது சூடேற மட்டும். பரிசோதனையில் கேட்க வேண்டியது 25-ஹைட்ராக்சி வைட்டமின் டி. சிறுநீரகத்தில் உருவாகும் இறுதி வடிவத்தை அளந்தால் குறைபாட்டிலும் அது இயல்பாகவோ அதிகமாகவோ கூடக் காட்டும்.

#17 முளைவிட்டபயறு

புரதம் யாரும் தொடவில்லை. அட்டவணையில் "புரதம் 60 கிராம்" என்பது நைட்ரஜனை அளந்து பெருக்கிய எண், உள்ளே எந்த அமினோ அமிலம் என்று சொல்லாது. உடம்பு செய்துகொள்ள முடியாத ஒன்பதில் முதலில் தட்டுப்படுவது பெரும்பாலும் லைசின்.

60 கிலோ எடையுள்ளவருக்கு லைசின் தேவை கிலோவுக்கு 30 மி.கி. வீதம் 1800. கோதுமைப் புரதத்தில் கிராமுக்கு ஏறத்தாழ 27 மி.கி. அறுபது கிராமும் கோதுமையிலிருந்தே வந்தால் 1620, பற்றாது. கோதுமைப் புரதம் 40 கிராம், பருப்புப் புரதம் 15 கிராம் (கிராமுக்கு 70 மி.கி. போல) என்றால் 1080 + 1050 = 2130. மொத்தப் புரதம் குறைந்தும் லைசின் கூடிவிட்டது. பருப்பில் குறைவான மெத்தியோனினைத் தானியம் ஈடுகட்டும். ஒரே வேளையில் இரண்டும் இருக்க வேண்டும் என்ற பழைய விதி தேவையில்லை, நாளுக்குள் வந்தால் சரி.

#18 கீரைக்கட்டு

ஒமேகா-3க்கு ஆளிவிதை போதுமா என்று கேட்கலாமா, இல்லை இதிலும் அடி விழுமா?

#19 முளைவிட்டபயறு

பாதி அடி. அத்தியாவசியம் என்று சொல்லப்படும் ஆல்ஃபா லினோலெனிக் அமிலத்துக்குத் தாராளமாகப் போதும், ஒரு மேசைக்கரண்டி பொடியில் சுமார் 1.6 கிராம், ஒரு நாள் தேவை முடிந்தது. பொடித்ததே வேண்டும், முழு விதை செரிக்காமல் அப்படியே வெளியேறும். பொடித்தால் சீக்கிரம் சிக்கடிக்கும், வாரத்துக்கு வேண்டியதைப் பொடித்துக் குளிர்ப்பெட்டியில் வையுங்கள். அதிலிருந்து உடம்பு செய்யும் டிஎச்ஏ (மீனில் இருக்கும் ஒமேகா-3 வகை) மிகச் சொற்பம். டிஎச்ஏ நேரடியாக வேண்டுமென்றால் மீன், அல்லது மீனுக்கே அதைக் கொடுக்கும் பாசியின் எண்ணெய்.

#20 சுண்ணக்கட்டி

எதற்கு நம்பக் கூடாது என்று அகப்பை முதலில் கேட்டதற்கு என் பட்டியல்: அட்டவணையை அறவே நம்பக் கூடாதவை அயோடினும் செலினியமும். மற்றவற்றில் உறிஞ்சுதல்தான் சிக்கல், இவற்றில் அட்டவணை எண்ணே உங்கள் தட்டுக்குச் சொந்தமில்லை. செடி மண்ணிலிருந்து எடுப்பது, மண்ணுக்கு மண் பல மடங்கு மாறும். சீனாவின் கெஷான் பகுதியில் மண்ணில் செலினியம் மிகக் குறைவாக இருந்ததால் வந்த இதயநோய்க்கு அந்த ஊரின் பெயரே வைத்தார்கள். பிரேசில் கொட்டை ஒன்றே ஒரு நாள் தேவையான 55 மைக்ரோகிராமைத் தந்துவிடலாம். தினம் ஒரு கைப்பிடி தின்றால் நகம் உடைந்து, முடி கொட்டும்.

அயோடினுக்கு உறுதியான கணக்கு உப்பில்தான்: கிராமுக்கு 30 மைக்ரோகிராம் உள்ள அயோடின் உப்பு 5 கிராம் என்றால் 150, பெரியவர் தேவை சரியாக வந்துவிடும். உப்பைக் கடைசியில் போடுங்கள், ஈரமும் வெளிச்சமும் படாமல் மூடி வையுங்கள். செறிவூட்டாத கடல் உப்பில் இது கிடையாது, கடலிலிருந்து வந்ததால் இருக்கும் என்பது நம்பிக்கை மட்டுமே. மறுபுறம் கெல்ப் வகைக் கடற்பாசி ஒரே கிராமில் 1100 என்ற உச்சவரம்பைத் தாண்டலாம், தைராய்டு இரண்டு பக்கமும் கெடும்.

#21 கொதிகலன்

சமையல் இழப்பையும் பதிவுசெய்துவிடுகிறேன், செயலிகள் பெரும்பாலும் பச்சைப் பொருளின் எண்ணையே கூட்டுகின்றன. வைட்டமின் சி: வெட்டிய பரப்பு, சூடு, தண்ணீர் மூன்றுக்கும் பலி. பெரிய துண்டாக, குறைந்த தண்ணீரில், குறுகிய நேரம். பல நாள் வைத்த "புதிய" பட்டாணியை விட உறைநிலைப் பட்டாணியில் அதிகம் மிஞ்சியிருக்கும். தயமின் (பி1): சோடா உப்பு போட்டுப் பருப்பு வேகவைத்தால் காரத்தில் அழிந்துபோகும். சீக்கிரம் வேகிறதே என்று போடாதீர்கள். ரிபோஃப்ளேவின் (பி2): சூடு தாங்கும், வெளிச்சம் தாங்காது. ஒளி புகும் பாட்டிலில் வெயில் படவைத்த பாலில் வேகமாக இறங்கும். தாதுக்களைச் சூடு ஒன்றும் செய்யாது, வடித்த தண்ணீரில்தான் போகும்.

#22 அகப்பை

முடிவாக மாத்திரைகள். ஃபெரிட்டின் 10 என்று வந்துவிட்டவருக்கு உணவை மாற்றினால் போதுமா? இரும்பு, கால்சியம், தைராய்டு மாத்திரை மூன்றும் எடுப்பவர் எப்படி வரிசைப்படுத்துவது?

#23 சிறுகுடல்

10 என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 15 என்ற எல்லைக்குக் கீழ். இருப்பு காலி. உணவு அதை நிரப்ப மிக மெதுவாகும், மருத்துவர் மாத்திரைதான் தருவார், இழப்புக்கு வேறு காரணம் உண்டா என்றும் தேடுவார். உடம்பில் அழற்சி இருந்தால் ஃபெரிட்டின் பொய்யாக ஏறும், அப்போது 70 வரைக்கும் குறைபாடு ஒளிந்திருக்கலாம், அழற்சியைக் காட்டும் சிஆர்பி பரிசோதனையும் சேர்த்துப் பாருங்கள்.

மாத்திரையின் எடை வேறு, இரும்பின் எடை வேறு. ஃபெரஸ் சல்பேட் 325 மி.கி.யில் இரும்பு 65. ஃபியூமரேட்டில் மூன்றில் ஒரு பங்கு, குளுக்கோனேட்டில் 12 சதவீதம். பெரிய அளவு ஒன்று உள்ளே போனதும் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் ஏறி ஒரு நாள் போல வாசலை அடைத்துவிடும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் எடுக்கச் சில மருத்துவர்கள் சொல்வது இதனால்தான், ஒரு மாத்திரைக்குச் சேரும் பங்கு கூடுகிறது, வயிற்றுத் தொல்லையும் குறைகிறது. குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள், இரும்பு மாத்திரை குழந்தையைக் கொல்லும்.

#24 சுண்ணக்கட்டி

வரிசை: விழித்ததும் வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரை, தண்ணீரோடு மட்டும். அதற்குப் பின் இரும்பு, கால்சியம் இரண்டுக்கும் குறைந்தது 4 மணி நேரம் இடைவெளி. இரும்பு முற்பகலில், இரண்டு சாப்பாட்டுக்கு நடுவே, டீயோ பாலோ இல்லாமல். கால்சியம் இரவுச் சாப்பாட்டோடு. கார்பனேட் வடிவத்துக்கு உணவும் அமிலமும் வேண்டும், 1250 மி.கி. மாத்திரையில் கால்சியம் 500. சிட்ரேட்டில் 21 சதவீதம்தான், ஆனால் வெறும் வயிற்றிலும் சேரும், அமிலத் தடுப்பு மாத்திரை எடுப்பவர்களுக்கு அதுவே நல்லது. ஒரு தடவைக்கு 500க்கு மேல் வேண்டாம், அதற்கு மேல் போனால் சேரும் பங்கு குறையும்.

#25 நுண்ணளவு

சுண்ணக்கட்டியின் வரிசையில் மூன்று ஓரக்குறிப்பு. முடிக்காக பயோட்டின் எடுப்பவர் ரத்தம் கொடுக்கும் முன் ஆய்வகத்தில் சொல்ல வேண்டும், 5, 10 மி.கி. அளவில் அது தைராய்டு எண்களையும் மாரடைப்புக்கான ட்ரோபோனின் எண்ணையும் பொய்யாக்கும். துத்தநாகம் தினம் 40 மி.கி.க்கு மேல் மாதக்கணக்கில் போனால் தாமிரம் இறங்கி, இரும்பு கொடுத்தும் தேறாத ரத்தசோகை வரும். பி6 அளவுக்கு மீறி நாள்பட எடுத்தால் பாதம் மரத்துப்போகும், அதைப் பி12 குறைவு என்று நினைத்து இன்னொரு பி-காம்ப்ளெக்ஸ் சேர்த்தால் மரமரப்பு கூடும். புட்டியின் பின்பக்கத்தில் பி6 எத்தனை மி.கி. என்று முதலில் பாருங்கள், அப்புறம் எந்தச் சத்து குறைவு என்று யோசிக்கலாம்.

#26 அகப்பை

இலக்கு 32, டீ ஒரு மணி நேரம் தள்ளி, பருப்போடு குடைமிளகாய், மாவு புளிக்கவைத்தது, பி12 மாத்திரை, கால்சியத்துக்குப் பசலையைக் கழித்து மறுபடி கூட்டினேன். 1000 என்று காட்டிய கால்சியம் 780க்கு வந்துவிட்டது. டோஃபு சேர்த்துத் திருத்திய திட்டத்தை நாளை இங்கே போடுகிறேன், பிரித்து மேயுங்கள்.